பொட்டு வைத்த கைப்பேசிகள்

புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வரிசை வீடுகளில் யார் எதைப் புதிதாக வாங்கினாலும் அது முதலில் திலகம் அக்காவின் கைக்குப் போகும். துணி துவைக்கும் மெஷினோ, காரோ, அவர் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து முடுக்கிவிட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் தொடுவார்கள்.

இந்தக் கைராசி அவர் பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டத்திலேயே தொடங்கியது. அவர் சிறுமியாக, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தபோது, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாராம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க ஆள் தேடிய நேரத்தில் இவர் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்திருக்கிறார். நிறைகுடம் நல்ல சகுனம் என்று பழத்தை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். செம்பனைக் காட்டுச் சேற்றில் மற்றவர்களின் வண்டிகள் படுத்துக்கொள்ள, மண்டோரின் வண்டி மட்டும் தோட்டத்தை விற்கும்வரை ஓடியது. அதற்கப்புறம் இவரை யாரும் விடவில்லை.

திலகம் அக்கா இப்போது புஞ்சாக் ஆலாமில் மாணவர் விடுதிச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறார். கணவர் அழகேசன் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பிள்ளை இல்லை. "என் கைராசி மத்தவங்களுக்குத்தான் லா வேல செய்யும்," என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அம்மா போன பிறகு தம்பி சுகுமாரனை வளர்த்தது இவர்தான். அந்தத் தம்பி புஞ்சாக் ஆலாமில் வீடு வாங்கிவிட்டார். புதுமனையில் பால் காய்ச்சப்போவது அக்காதான் என்று சாவி கிடைப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. அதற்கென்று ஒரு பச்சைப் புடவை எடுத்து என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் நான் தையல்காரி. படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள். அதிகம் பேசுவதில்லை. தையல் மெஷின் ஜன்னலோரம் இருப்பதால் தெருவில் நடப்பதெல்லாம் கண்ணில் படும்.

அந்த நேரத்தில்தான் ஜூலியஸ் கைப்பேசிகள் கொண்டுவந்தார். அவர் எனக்கு அடுத்த வீட்டுக்காரர், ரவாங்கில் தொழிற்சாலை வேலை. கூட வேலை பார்த்த நண்பர் கடை வைத்திருக்கிறார், மலிவாகத் தருகிறார் என்று ஒரே மாதிரிக் கைப்பேசிகளை வாங்கித் தெருவில் பல வீடுகளுக்குக் கொடுத்தார். சுகுமாரனின் மனைவி ஷாமளாவும் ஒன்று வாங்கினாள். என்னிடம் பழைய பட்டன் போனே போதுமாக இருந்தது.

கைப்பேசிகள் வழக்கப்படி திலகம் அக்கா வீட்டு மேசைக்குப் போயின. முதுகில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒவ்வொன்றையும் அவர் ஆன் செய்து, வெளிச்சம் வந்ததும் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார்.

சில மாதம் நன்றாகத்தான் ஓடின. பிறகு ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். முதுகு லேசாகச் சுடும். அவ்வளவுதான், சார்ஜ் போட்டாலும் எழாது. ஷாமளாவின் கைப்பேசி வீட்டுக் கடன் அதிகாரியோடு பேசும்போதே போனது.

செத்தவற்றையெல்லாம் ஜூலியஸ் ஒரு பையில் போட்டு நண்பரின் கடைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து தெருவில் நின்றே சொன்னார்.

"மாசோக் ஆயராம். தண்ணி பூந்துருச்சாம். பொட்டு ஈரம் உள்ள எறங்கியிருக்குனு சொல்றான். அதனால வாரண்டி இல்லயாம்."

மலாயில் 'மாசோக் ஆயர்' என்றால் தண்ணீர் புகுந்தது என்று அர்த்தம். மூளை கொஞ்சம் பிசகியவரையும் அப்படித்தான் சொல்வார்கள். அழகேசன் அண்ணன் லோரியிலிருந்து இறங்கியபடியே கேட்டார்: "யாருக்குப்பா மாசோக் ஆயர்? போனுக்கா, ஒன் கூட்டாளிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடிந்ததும் பலரின் பார்வை திலகம் அக்காவின் கைகளுக்குப் போனதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருக்க வேண்டும். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

பிறகு பேச்சு சந்தனத்தை விட்டு நகர்ந்தது. ஈரமாவது ஒன்றாவது, ராசியே திரும்பிவிட்டது என்றார்கள். ஒருவர் புது மின்விசிறியை மூடிய பெட்டியோடு, அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமல் உள்ளே கொண்டுபோனார். ஒருநாள் ஷாமளா என் வீட்டு வாசலில் நின்று, எனக்குச் சொல்வதுபோல, தன் வீட்டு முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த திலகம் அக்காவுக்குக் கேட்கும்படி பேசினாள்.

"பால் காய்ச்ச எங்கம்மாவ வரச் சொல்லியிருக்கேன், துளசி. அண்ணி பாவம், காய்கறி வெட்டுற வேல நெறைய இருக்கும்ல?"

அக்கா ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார். மறுநாள் பச்சை ரவிக்கையை அவசரமாகத் தைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்திருந்தது. ஜூலியஸின் மனைவி முரியல் அக்காவும் அதே கைப்பேசிதான் வாங்கியிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ரவாங்கில் இருக்கும் அவர் தங்கை ஜெனட் மத்தியானமானால் கூப்பிடுவாள், கோயில் மணி மாதிரி அது அடிக்கும். கொஞ்ச நாளாக அந்த மணியைக் காணோம். "கிரெடிட் முடிஞ்சிருச்சும்மா" என்று சொல்லி முரியல் அக்கா என் பட்டன் போனை வாங்கிப் பேசினார். அடுத்த வாரமும் கிரெடிட் முடிந்திருந்தது. போனில் காசு தீர்ந்தாலும் வருகிற அழைப்பு நிற்காதே. ஜூலியஸின் பையில் முரியல் அக்காவின் கைப்பேசி இருந்ததாகவும் யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னதாக ஜூலியஸ் சொன்னதைக்கூட, அவரைத் தவிர வேறு யாரும் காதால் கேட்கவில்லை.

இதையெல்லாம் கூட்டத்தில் கேட்கும் தைரியம் எனக்கில்லை. முரியல் அக்கா மறுபடி போன் கேட்டு வந்தபோது, கொடுத்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டேன்.

"அக்கா, நீங்க வேதக்காரங்க. உங்க போனுக்குத் திலகக்கா பொட்டு வைக்கலியே?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"இல்லம்மா."

"இப்ப ஓடுதா?"

கையிலிருந்த என் போனை மடியில் வைத்தார். "எல்லாருக்கும் முன்னாடி செத்தது என்னோடதுதான். வெளிய சொல்லாதன்னு ஜூலியஸ் சொல்லிட்டாரு. சொன்னா அவரு தலையிலதான விழும்? சுங்கை ஆயர் தாவார்ல எங்க மாமா மகனுக்கும் இதே போன், இதே கதி. செய்யறப்பவே கோளாறு இருந்திருக்கும்னு நெட்ல பேசிக்கிறாங்களாம். கம்பெனி இன்னும் வாயத் தொறக்கல. நீ யார்கிட்டயும் சொல்லிறாதம்மா."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க," என்றேன்.

அவர் என் போனில் பேசாமலே எழுந்து போனார். அன்று மாலையே நான் பச்சை ரவிக்கையைத் தைத்து முடித்தேன்.

பால் காய்ச்சும் காலையில் திலகம் அக்கா அந்தப் பச்சைப் புடவையில்தான் வந்தார். வந்தவர் நேராகப் பின்கட்டுக்குப் போய் வெங்காயத்தின் முன் உட்கார்ந்துகொண்டார். சுகுமாரன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். ஷாமளாவின் அம்மா தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது முரியல் அக்கா கூட்டத்தை விலக்கி அடுப்படிக்கு வந்தார். ஜூலியஸ் பின்னாலேயே வந்து, "ஏய், முரியல், இங்க வா லா," என்று முணுமுணுத்தார்.

முரியல் அக்கா கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, பால் சட்டிக்குப் பக்கத்தில் குப்புற வைத்தார். முதுகு சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுச் சந்தனமில்லை.

"பாத்துக்க ஷாமளா. இதுல அக்கா கையே படல. இதுவும் செத்துத்தான் கெடக்கு. எல்லாத்துக்கும் முன்னாடியே செத்துச்சு."

ஷாமளா அதை எடுத்து அழுத்திப் பார்த்தாள். ஜூலியஸைப் பார்த்தாள். "அப்ப மாசோக் ஆயர்னு சொன்னது?"

"அவன் சொன்னான், நான் சொன்னேன்," என்றார் ஜூலியஸ். அவர் யாரையும் பார்க்கவில்லை.

ஷாமளாவின் அம்மா தீப்பெட்டியைத் தானாகவே கீழே வைத்துவிட்டார். சுகுமாரன் பின்கட்டுக்குப் போய், "அக்கா, பால் ஆறிக் கெடக்கு. வா," என்றார்.

"பச்சப் பால் எங்கடா ஆறும்?" என்று கேட்டபடி அக்கா எழுந்தார். வெங்காய வாடை போகக் கையை வெகுநேரம் கழுவினார். பிறகு வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். எல்லாக் கண்களும் சட்டியில் இருந்தன. சிலர் அது பொங்காதோ என்று பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பால் நிதானமாக ஏறி, கிழக்குப் பக்கமாக வழிந்தது.

சாப்பாடு முடிந்தபின் ஜூலியஸ் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார். கையில் ஒரு புதுப் பெட்டி.

"முரியலுக்கு வேற போன் வாங்கியிருக்கேன்க்கா. எங்க வழக்கம் இல்லதான். இருந்தாலும் நீங்களே தொறந்து குடுங்க. பொட்டும் வைங்க."

திலகம் அக்கா பெட்டியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீயே ஆன் பண்ணு, தம்பி. ஒரு வருசம் ஒழுங்கா ஓடட்டும். அப்புறம் கொண்டா, பொட்டு வைக்கலாம்."