நீல நூல் குறி

சலவைக்கடைக்காரியின் தங்கையும் தங்கை புருஷனும், அப்போதுதான் நடை பழகிய குழந்தையை அக்கா இடுப்பில் கொடுத்துவிட்டு, "வேலை கிடைச்சதும் வந்து கூட்டிக்கிறோம்" என்று பஸ் ஏறியவர்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஒரு தகவல் இல்லை, ஆள் அனுப்பி விசாரிக்கவும் இல்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது பதினைந்து வயது. வாய் ஓயாது என்பதால் தெருவே அவளை வாயாடி என்று கூப்பிடும்.

பஸ் நிலையப் பக்கம் போனால், இறங்குகிற பெண்களில் தன் மூக்கு யாருக்காவது இருக்கிறதா என்று பார்ப்பாள். "உன்னைப் பெத்தவங்களே வேண்டாம்னு விட்டுட்டாங்களாமே" என்று பள்ளியில் ஒருத்தி சிரித்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விட்டுவிட்டுப் போன பிள்ளை என்பதைவிட, யாரோ திருடித் தூக்கி வந்த பிள்ளை என்பது அவளுக்குக் கொஞ்சம் கௌரவமாகப் பட்டது.

பெரியம்மாவின் சலவைக்கடையில் துணி மாறாமல் இருக்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிற நூலில் ஓரத்தில் சின்னத் தையல் போடுவார்கள். அதுதான் குறி. ஒருநாள் பழைய பெட்டியைக் குடைந்தபோது, வந்த புதிதில் தான் போட்டிருந்த குட்டிக் கவுன் கிடைத்தது. கழுத்தோரத்தில் நீல நூல் குறி.

நீலம் வக்கீலம்மா வீட்டுக் குறி. அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. வாயாடிக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

தேய்த்த துணியோடு அந்த வீட்டுக்குப் போனவள், கூடத்தில் வழக்கு விஷயமாக வந்த கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போதே கவுனை விரித்துப் பிடித்தாள். "இது உங்க வீட்டுத் துணி. நான் உங்க பொண்ணு. என்னை எங்க பெரியம்மா திருடிட்டு வந்துட்டாங்க."

வக்கீலம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரடி உனக்கு இப்படிச் சொன்னது?" என்றவர், கடைக்கு ஆள் அனுப்பினார்.

பெரியம்மா சோப்பு நுரை காயாத கையோடு ஓடி வந்தாள். கவுனைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் வக்கீலம்மாவைக் கும்பிட்டாள்.

"புத்தி கெட்டுப் பேசிட்டா. மன்னிச்சிருங்கம்மா."

"திருட்டுன்னு சொல்றா, கேட்டீங்களா?"

"கேட்டேங்க."

அவ்வளவுதான். வாயாடியைக் கையோடு கூட்டிக்கொண்டு நடந்தாள். கடைக்கு வந்து இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் பெரியம்மா சொன்னாள்.

"நீலம் முன்னாடி நம்ம வீட்டுக் குறி. நீ வந்த அன்னிக்கே உன் கவுனுக்கும் போட்டேன், ஊரார் துணியோட கலந்துரக் கூடாதுன்னு. அப்புறம் வக்கீல் வீடு வந்துச்சு. வேற நிறம் மிச்சமில்ல. நம்ம நிறத்தை அவங்களுக்குக் கொடுத்துட்டோம்."

"அப்ப நமக்கு?"

"நம்ம துணிக்கு எதுக்குடி குறி? பார்த்தா தெரியாதா?"

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெரியப்பா தலையைத் தூக்கவில்லை. ஓயாமல் கிண்டல் பேசுகிற மனுஷன். அந்த வாய் மூடியிருந்ததுதான் அவளைக் கொன்றது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"அம்மா எங்கேன்னு நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா நானே போய் அவ முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்க மாட்டேனா?" சொல்லும்போதே பெரியம்மாவின் குரல் உடைந்தது. அவளுக்கும் தங்கை காணாமல் போனவள்தான் என்பது வாயாடிக்கு அன்றுதான் உறைத்தது.

அடுத்த வாரம் வக்கீல் வீட்டுத் துணியைப் பெரியம்மா மூட்டை கட்டினாள். "நீதான் கொண்டு போகணும்."

போனாள். எப்போதும் மூட்டையை அப்படியே வாங்கி உள்ளே வைக்கிற வக்கீலம்மா, அன்று வாசலிலேயே பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினார். புடவை, தலையணை உறை, துண்டு. வாயாடி தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்ததும் பெரியம்மா கேட்டாள், "எண்ணினாங்களா?"

இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. "ஆமா" என்றாள்.

பெரியம்மா ஒரு சட்டையை உதறி விரித்தாள். "எண்ணட்டும். குறையாது. அந்தக் காலரை இழுத்துப் பிடி."

வாயாடி இழுத்துப் பிடித்தாள்.