துரையைச் சாகடித்த அட்டை

சத்யப்ரியா ஒரு டைனோசரை எப்போதும் முதுகெலும்பிலிருந்துதான் தொடங்குவாள். மூக்கில் ஆரம்பித்து வால் வரைக்கும் மணியைக் கோத்துக்கொண்டே போனால் பொம்மை தட்டையாக, இஸ்திரி போட்ட பல்லி மாதிரி வந்து நிற்கும். அவள் முதலில் தடித்த கம்பியை வளைத்து நிறுத்துவாள். கழுத்து எங்கே எழும்ப வேண்டும், இடுப்பு எங்கே கனக்க வேண்டும் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்புறம்தான் மெல்லிய கம்பியில் பாசிமணிகளைக் கோத்து, விலா விலாவாகச் சுற்றி உடம்பைக் கொண்டுவருவாள். வஞ்சிரத்தின் நடுமுள்ளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம் அவளுக்குப் பிறந்த ஊர். அப்பா துரை கடலுக்குப் போனார், அம்மா முத்தாலம்மாள் மீன் விற்றாள், இருவருமாக அவளை பி.காம். வரை படிக்கவைத்தார்கள். வினோத்குமாரைக் கட்டிக்கொண்டு அஸ்தினாபுரம் வந்தாள். இப்போது குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் உட்காருகிறாள். அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து, கொண்டையில் செருகும் மணி ரோஜாக்கள் செய்யப் பழகியவள்தான். எல்லாரும் ரோஜாவையே செய்கிறார்களே என்ற எரிச்சலில் ஒருநாள் நீளக் கழுத்து டைனோசர் ஒன்றைச் செய்தாள். அதோடு ரோஜா போயிற்று. முதுகில் தகடு நிற்கும் டைனோசர், கொம்பு முளைத்த டைனோசர், வளைந்த தந்தம் உள்ள பழங்கால ரோம யானை என்று சாப்பாட்டு மேசை நிறைந்தது. தட்டு வைக்க இடமில்லாத நாட்களில், "உன் ஆளுங்களைக் கொஞ்சம் நகரச் சொல்லு" என்பான் வினோத்குமார்.

சின்மயி இந்த நேரத்தில்தான் வந்தாள். கைவினைப் பொருட்களை இன்ஸ்டாகிராமிலும் கல்லூரி விழாக்களிலும் விற்கிற பெண். வாய்க்கு வாய் அக்கா. பொம்மைகளைப் பார்த்ததைவிட அதிகமாக அவளைப் பற்றித்தான் கேட்டாள். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்தார், சுனாமியின்போது எங்கே இருந்தார்கள். அதிகம் பேசாத சத்யப்ரியா, தன்னையும் ஒருத்தி இவ்வளவு விசாரிக்கிறாளே என்ற கூச்சத்தோடு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு, விற்றதும் பணம் தருகிறேன் என்று சின்மயி கேட்டபடி மேசையிலிருந்த அத்தனையையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விழாவில் கடை போட்டிருப்பதாக ஒரு சனிக்கிழமை சின்மயியிடமிருந்து செய்தி வந்தது. அன்றைக்குத்தான் துரை மகளுக்கு நெத்திலி கொண்டுவந்திருந்தார். அவளுடைய ஓணான்களைக் காசு கொடுத்து வாங்குகிற மகராசன் யாரென்று தானும் பார்க்க வேண்டும் என்று கூடவே கிளம்பிவிட்டார்.

கடையின் முன்வரிசையில் அவளுடைய விலங்குகள்தான் நின்றன. ரோம யானையின் தந்தத்தில் வெயில் பட்டுப் பளபளத்தது. சத்யப்ரியாவுக்கு மனசு நிறைந்துபோனது. பிறகுதான் ஒவ்வொன்றின் கழுத்திலும் தொங்கிய அட்டையைக் கவனித்தாள். அழகான ஆங்கில எழுத்து. சுனாமியில் தந்தையைப் பறிகொடுத்த ஏழை மீனவப் பெண் கண்ணீரோடு செய்தது இது, நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொம்மையும் அவளுக்கு ஒரு வேளைச் சோறு என்று அச்சடித்திருந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை.

அவளுக்குக் காது மடல் சுட்டது. யாருக்கு ஒரு வேளைச் சோறு? காலையில்தான் இந்த அப்பாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து மீன் குழம்பில் இட்லியைத் தோய்த்துத் தின்றுவிட்டு வந்திருந்தார்கள்.

"இன்னாமா எழுதிகீது?" என்று கேட்டார் துரை.

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "நீ செத்துட்டியாம்பா."

துரை வாய்விட்டுச் சிரித்தார். "எப்போ? உங்கம்மாளுக்குத் தெரிமா? எதுல செத்தனாம்?"

"சுனாமில."

சிரிப்பு நின்றது. சுனாமியில் போனது அவருடைய தம்பி சம்பத். சவுக்குத் தோப்பில் கிடந்த உடம்பை அரைஞாண் கயிற்றை வைத்து அடையாளம் சொன்னது துரைதான். அந்தக் காலையைப் பற்றி அவர் வீட்டில்கூடப் பேசுவதில்லை. அதை எடுத்து, நூல் கோத்து, டைனோசர் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

சத்யப்ரியா அட்டையைக் கையில் பிடித்தபடி சின்மயியிடம் போனாள். சின்மயி முகம் வாடவே இல்லை. இதெல்லாம் வெறும் மார்க்கெட்டிங், கதை இருந்தால்தான் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினாள். "உங்க பேரைக்கூடப் போடலையேக்கா" என்றாள், பெரிய உபகாரம் செய்தவளைப் போல.

"அதைத்தான் கேக்குறேன். ஏன் போடல? அழுதுகிட்டே எவளோ செஞ்சதா இது? நான் செஞ்சேன். ஆசைப்பட்டுச் செஞ்சேன்."

பொம்மை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் திரும்பி, இந்தப் பெண்தானா அது என்று கண்ணாலேயே இரக்கப்பட்டாள். அந்தப் பார்வைதான் சத்யப்ரியாவால் தாங்க முடியாததாக இருந்தது. துரை முன்னே வந்தார்.

"செத்தது என் தம்பிமா. நான் இல்ல."

"ஓ, சாரி அங்கிள்" என்றாள் சின்மயி. உண்மையாகவே வருத்தப்பட்டாள் போலத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு சத்யப்ரியா பக்கம் திரும்பினாள். "அப்போ ஃபாதர்ங்கிற இடத்துல அங்கிள்னு மாத்திடட்டுமாக்கா? அது உண்மைதானே?"

சத்யப்ரியா அட்டைகளை வெடுக்கென்று இழுத்து அறுத்தாள். நீளக் கழுத்தை எடுத்தாள், கொம்பை எடுத்தாள், தகட்டு முதுகை எடுத்தாள். ஸ்டாலே காலியாகிவிடும், கூட்டம் வரும் நேரம், ப்ளீஸ் அக்கா என்று சின்மயி கெஞ்சியது பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. துரை பையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

ரோம யானையின் தந்தம் பைக்குள் அடங்கவில்லை. தாம்பரம் போகிற ரயிலில் துரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கூடுவாஞ்சேரியில் ஏறி எதிரே உட்கார்ந்த பூக்காரப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

"வாங்கல. இதோ, என் பொண்ணு செஞ்சது. சத்யப்ரியா பேரு."

பூக்காரப் பெண் தந்தத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இந்த மாதிரி யானை இப்போதும் காட்டில் இருக்கிறதா என்றாள்.

"இது செத்து ஆயிரக்கணக்குல வருசம் ஆச்சும்மா" என்று சிரித்தார் துரை. "நான்தான் உசுரோட கீறேன்."

பூக்காரப் பெண்ணுக்கு அதில் என்ன சிரிப்பு என்று புரியவில்லை. சத்யப்ரியாவும் சிரிக்கவில்லை. யானையின் கழுத்தில் அட்டை போய், நூல் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, மணி சிதறாமல் அதைப் பல்லால் கடித்து எடுத்து, ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.