ஐஸ் பெட்டியில் ஒரு துப்பாக்கி

அந்தப் பழைய கேஸ் துப்பாக்கி இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. எண்பதுகளில், கல்யாணமான புதிதில், லைட்ஹவுஸ் குப்பத்து மாமியார் வீட்டில் மச்சான் கொடுத்தது. பிடியில் செருகிய சின்னக் குப்பிக்குள் இருக்கும் கேஸ்தான் ஈயக்குண்டைத் தள்ளுமாம். வெயிலில் கிடந்தால் வெடிக்குமாம். சாயங்காலம் எல்லோர் முன்னாலும் நான் சுட வேண்டும். வெடிக்கிற பயத்தில் அதை மீனும் எறாவும் வைக்கும் ஐஸ் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினேன்.

படகு விளிம்பில் கொட்டாங்கச்சி. புது மாப்பிள்ளையின் மானம் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. சுட்டேன். புஸ்ஸென்று கிளம்பிய குண்டு பாதி வழியிலேயே மணலில் விழுந்தது.

மச்சான் துப்பாக்கியை வாங்கினார். "இன்னா மாப்ள, இவ்ளோ ஜில்லுனு கீது? குளுந்துபோனா கேஸு எப்டி தள்ளும்?" உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றித் தந்தார்.

மறுபடி சுட்டேன். டப்பென்று சத்தம். பக்கத்தில் மனைவியின் குரல்:

"வுழுந்துட்ச்சி. கண்ணத் தொறங்க."