அவசியமா, ஆசையா?

போன வாரம் என் மருமகள் போனைத் தட்டி ஒரு பொட்டலம் வரவழைத்தாள். உள்ளே நெத்திலிக் கருவாடு. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தாளில் இறுக்கி அடைத்திருந்தார்கள். "மாமா, மோந்து பாருங்க, வாடையே வராது" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மோந்து பார்த்தேன். வரவில்லைதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆயுசு பூராவும் கருவாட்டு வியாபாரம் செய்தவனிடம் வாடையில்லாத கருவாட்டை நீட்டினால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். பொன்னமராவதிக் கடைவீதியில் என் கடை எங்கே என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. மூக்கே கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும்.

நான் நாலாம் வகுப்போடு சரி. தலையில் கூடை வைத்துத் தொடங்கினவன். மீமிசல் கடற்கரையில் கருவாடு வாங்கி, ஆவுடையார்கோவில், அறந்தாங்கி, திருமயம் என்று பஸ் மாறி மாறி ஊர் வந்து சேருவேன். கூடையோடு என்னைக் கண்டாலே கண்டக்டர்கள், "யோவ் கருவாடு, மேல ஏறு" என்பார்கள். ஆக, இந்த ஜில்லாவின் பாதியை நான் பஸ் கூரைமேல் உட்கார்ந்துதான் பார்த்தேன். இன்றைக்கு என் வாசலில் ஏசி கார் நிற்கிறது, ஓட்ட ஆள் நிற்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, உங்களிடம் என்ன, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் எப்படி வந்தது என்றால், ஒரே ஒரு கேள்வியால் வந்தது. கடை போட்ட புதிதில் கவனித்தேன். வருகிறவர்கள் எல்லாரும் "வேணும்" என்கிறார்கள். வீட்டில் சோறு இறங்கக் கறியில்லாதவனும் "வேணும்" என்கிறான். நாலு வகை இருந்தும் ஐந்தாவதாகத் திருக்கைக் கருவாட்டுக்கு அலைகிறவனும் "வேணும்" என்கிறான். இல்லாமல் முடியாததற்கும், இருந்தால் நன்றாயிருக்கும் என்பதற்கும் நம்மிடம் ஒரே சொல். படித்தவர்கள் இதைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. நான் கல்லாவில் உட்கார்ந்தே முடிச்சை அவிழ்த்தேன். கடையில் யார் வேணும் என்றாலும் கொடு. வீட்டில் யார் வேணும் என்றாலும், "அவசியமா, ஆசையா?" என்று கேள். அவசியம் என்றால் உண்டு. ஆசை என்றால் அப்புறம்.

என் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தார்கள். பள்ளிக்கூடப் பை அவசியம், பையில் படம் போட்டிருப்பது ஆசை. சோப்பு அவசியம், வாசனைச் சோப்பு ஆசை. அதே காலத்தில்தான் நான் தங்க முலாம் பூசிய கைக்கடிகாரம் வாங்கினேன். "இது எதுல சேத்திங்கப்பா?" என்று மகன் கேட்டான். நேரம் பார்க்க அவசியம் என்றேன். "கடைக்கு எதுத்தாப்புலதான பஸ் ஸ்டாண்டு மணிக்கூண்டு இருக்கு?" என்றான். அவனுக்கு அன்றைக்கு வாசனைச் சோப்பு வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

சோப்பு என்றதும் என் வீட்டுக்காரி நினைவுக்கு வருகிறாள். பெயர் மீனாள். கருவாட்டுக்காரன் பெண்டாட்டிக்கு இந்தப் பெயர் அமைந்ததில் கடைவீதிக்கே கொண்டாட்டம். "மீனை வீட்டுல வச்சுக்கிட்டுக் கருவாட்டுக்கு ஏண்ணே அலையிறீக?" என்பார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் சட்டையைத் துவைக்க எடுத்தவள், அதை முகத்தருகே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, இது கருவாட்டு வாடையா, கடல் வாடையா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"கடலு எம்புட்டுப் பெருசு இருக்கும்ங்க?"

"ஒங்க ஊருக் கண்மாய விடப் பெருசு."

சிரித்தாள். "எனக்கு ஒரு தடவ பாக்கணும்ங்க" என்றாள். அவசியமா, ஆசையா என்று கேட்டேன். சட்டையை வாளிக்குள் போட்டுக்கொண்டே, "ஆசைதாங்க" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். அவசியம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னிடம் ஜெயித்திருப்பாள்.

பிறகு சொந்த வேன் வாங்கினேன். நெற்றியில் 'மீனாள்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். அந்தப் பெயர் வாராவாரம் கடலுக்குப் போய் வந்தது. பெயருக்குரியவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் எனக்கே என்ன தோன்றியதோ, "நாளைக்குக் கெளம்பு" என்று சொல்லிவிட்டேன். காலையில் பார்த்தால் கத்தரிப்பூ நிறச் சேலை, தலை நிறையப் பூ, மடியில் வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலம். வேனின் முன்சீட்டில், கல்யாணப் பெண் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கடைவீதிச் சங்கத் தலைவர் வந்து நின்றார். அவருக்கு மீமிசலில் ஏதோ சோலியாம். என் கடைக்குப் பக்கத்துக் கடை காலியாகப் போகிறது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கிடைக்கும். வேனில் முன்னால் ரெண்டே சீட்டு, ஒன்றில் ஓட்டுகிற நான்.

"மீனா, எறங்கு. தலைவர் வாராரு. அவசியம்."

"அப்ப நானு?"

"நீ ஆசதான. கடலு எங்கிட்டும் ஓடிப் போயிறாது. அடுத்த தடவ பாப்போம்."

இறங்கினாள். பொட்டலத்தை மட்டும் ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்து, "நீங்களாச்சும் அங்கன வச்சுச் சாப்புடுங்க" என்றாள். தலைவர், "என்னப்பா, எனக்காகவா அந்தப் புள்ளைய எறக்கிவிட்ட?" என்று கேட்டார். "இல்லங்கய்யா, சும்மா வழியனுப்ப வந்துச்சு" என்றேன். புளிச்சோற்றை மீமிசல் கரையில் நானும் தலைவரும் சாப்பிட்டோம். எனக்கு வழக்கமாகச் சரக்குப் போடும் செய்யது பாய்க்கும் ஒரு கை கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு விரலை நக்கியபடி சொன்னார்:

"அண்ணே, வீட்டம்மா கைமணம் கடலு வரைக்கும் வந்துருச்சு. அவுகதான் வரல."

"அடுத்த தடவ கூட்டியாரேன் பாய். கடலு எங்க போகப் போவுது?"

"கடலு கெடக்கும்ண்ணே. அந்தா ஒதுக்கி வச்ச மீனப் பாத்தீகளா? உப்பும் போடாம வெயிலும் காட்டாம, அப்பறம் பாத்துக்கலாம்னு வச்சேன். கருவாடாவா ஆச்சு? அழுகித்தான் போச்சு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுகல் சரக்கைத்தான் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அது எனக்கு வேணாம் பாய்" என்றேன். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாலாம் வகுப்பின் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

பக்கத்துக் கடை கிடைத்தது. அடுத்த தடவை கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அவள் இரண்டு முறையோ மூன்று முறையோ கேட்டிருப்பாள். எப்போது கேட்பதை நிறுத்தினாள் என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. கேட்காமலிருந்ததைப் பார்த்து, பெண்டாட்டியைப் பக்குவப்படுத்திவிட்டேன் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வாடையில்லாத அந்தப் பொட்டலம் வந்த அன்றைக்கு இத்தனையும் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. டிரைவரைக் காரை எடுக்கச் சொன்னேன். மீனாள் அடுப்படியில் அந்த நெத்திலியைத்தான் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு மீனா. மீமிசலுக்குப் போறோம்."

"யாரும் தவறிட்டாகளா?"

"கடலப் பாக்கடி! நீதான பாக்கணும் பாக்கணும்ன?"

"ஆமா, சொன்னேன்." கையில் இருந்த நெத்திலியைக் கிள்ளிப் போட்டாள். "இப்பத் தோணலைங்க."

"முழங்கால் வலியா? கார் கரை வரைக்கும் போகும். எறங்கவே வேணாம்."

"வலியெல்லாம் இல்ல. எதுக்குன்னு இருக்கு. அவசியமாங்க அது?"

என்னைக் குத்துவதற்காகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னிடம் பழகிய கேள்வியை அவள் சும்மா, உப்பு எடுத்து வைக்கிற மாதிரி கேட்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. ஊர் ஊராய்க் கூரைமேல் உட்கார்ந்து சம்பாதித்ததெல்லாம் பின்னே எதற்கு? "அப்ப ஒனக்கு என்னதாண்டி வேணும்? நகையா? காசி, ராமேசுவரமா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லு, இந்த நிமிசம் செய்யிறேன்!" என்று கத்தினேன். மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

மீனாள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தாள். மேலே பார்த்தாள், வாசல் பக்கம் பார்த்தாள். எனக்காக எதையாவது தேடிக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவள் பாடுபடுவது முகத்தில் தெரிந்தது. அப்புறம் குற்றம் செய்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"யோசிச்சுப் பாத்துட்டேங்க. ஒண்ணும் வரல."

செய்யது பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். பஸ் கூரைகளில் இப்போது யாரையும் ஏற்றுவதில்லை. கருவாட்டிலிருந்து வாடையையே எடுத்துவிட்டார்கள். அதெல்லாம் போகட்டும். "எனக்கு ஒரு தடவ பாக்கணும்ங்க" என்று என் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு கேட்டாளே, அந்தக் குரல் இந்த வீட்டில் எந்த நாள் கடைசியாகக் கேட்டது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வாசலில் கார் எஞ்சினும் ஏசியும் ஓட நின்றது. போய் அணைக்கச் சொன்னேன்.