மல்லிகா படத்துல விட்டிருந்த எடம்

நேத்து நம்ம தோட்டத்து லய வீட்டுக்காரங்க குரூப்புல மல்லிகா ஒரு படம் போட்டுச்சு. தேயிலை மலையில அதோட ரெண்டு பொண்ணுங்களும் ஒரு பக்கம், மல்லிகா ஒரு பக்கம். நடுவுல வெறும் தேயிலை.

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நடுவுல லோரியே போகும் போலருக்கே, யாரும்மா எடுத்தது?"ன்னு கேட்டேன். அதோட விடாம, கூலிங் கிளாஸ் போட்ட என் படத்த வெட்டி அந்த எடத்துல ஒட்டி அனுப்பிட்டேன். குரூப்பே சிரிச்சிச்சு.

இன்னைக்குக் காலையில கியா பார்ம் சந்தையில மல்லிகாவோட பழக்கடைக்குப் போனேன். "என்னாம்மா, படம் எடுக்கக் கத்துக் கொடுக்கவா?"ன்னேன்.

ஸ்ட்ராபெரிய டப்பால அடுக்கிக்கிட்டே சொல்லுச்சு: "அது பிள்ளைங்க அப்பாவுக்கு விட்ட எடம்ணே. அவரு இருந்தப்ப எல்லாரும் சேந்து ஒரு படம்கூட எடுக்கல. ஸ்டூடியோவுல அவர ஒட்டித் தர்றேன்னாங்க."

தாலி கட்டுன மனுஷன் நிக்க வேண்டிய எடத்துல நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒரு டப்பாவ எடுத்து நானும் பழத்த அடுக்க ஆரம்பிச்சேன்.

அதுவே சொல்லுச்சு: "நீங்க ஒட்டுனது சுத்தமாத்தான் இருந்துச்சுண்ணே. அவரையும் அப்படி ஒட்டித் தர்றீங்களா?"

அவரு படத்த வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து ஒட்டி அனுப்பிட்டேன். ஆனா நேத்து குரூப்புல என்னைய ஒட்டிப் போட்டத அழிச்சா, என் போன்ல மட்டும்தான் போச்சு. மல்லிகா போன்ல நான் இன்னும் நிக்கிறேனாம்.

எல்லார் போன்லயும் எப்படி அழிக்கிறதுன்னு தெரிஞ்சவங்க கீழ சொல்லுங்க. சிரிப்பு மூஞ்சி மட்டும் போடாதீங்க லா.