ரூத்தின் மேசையில் என் வலது கை

தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது கரண்டி கீழே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது. கை அதை விட்டதுதான் தெரியவில்லை. குனிந்து எடுக்கப் போனேன்; விரல் கரண்டியைத் தொட்டும் தொட்ட உணர்வு இல்லை. மகளைக் கூப்பிட்டேன். வாய் குழறியது. அவள் ஓடிப்போய் பக்கத்து ஃபிளாட் மலையாளி சேச்சியை அழைத்து வந்தாள்.

கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேனாம். சேச்சி கேட்கவில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். இதை வாசிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். வாய் கோணினாலோ கை விழுந்தாலோ படுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஸ்ட்ரோக் (மூளைக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு) என்றார் டாக்டர். கர்த்தர் கிருபையால் பேச்சும் காலும் சீக்கிரமே திரும்பிவிட்டன. வலது கை மட்டும் யாரோ ஒருத்தருடைய கை மாதிரி மடியில் கிடந்தது.

இந்த அரபு நாட்டில் என் வீட்டுக்காரருக்குத் தூரத்து ருவைஸில் டியூட்டி. முவைலாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வார லீவில்தான் வருவார். டிஸ்சார்ஜ் ஆன அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"ஒத்தக் கைய வச்சிக்கிட்டு தனியா எப்பிடிச் சமாளிப்ப ரெஜினா? புள்ளயக் கூட்டிட்டு ஊருக்குப் போயிரு. நான் கம்பெனி கேம்புலயே இருந்துக்கிடுதேன்."

"கை வந்துட்டுன்னா?"

"வந்துட்டுன்னா ஏன் போகச் சொல்லப் போறேன்? அடுத்த செக்கப் வரைக்கும் பாப்போம்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து என் ஜெபமெல்லாம் அந்தக் கையைப் பற்றித்தான். குடும்பம் இரண்டாகப் பிரியாமல் இருக்க வேண்டும், மாதாவே.

ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைக் கைக்குத் திரும்பப் பழக்கும் பயிற்சி) கொடுத்தவள் ஷீபா, கன்னியாகுமரிப் பிள்ளை. பஞ்சு உருண்டையை அமுக்கச் சொல்வாள். நான் அமுக்குவேன், உருண்டை அப்படியே இருக்கும். அழுகை வரும்.

பக்கத்து நாற்காலியில் மணிக்கட்டு உடைந்து வந்திருந்த அமெரிக்காக்கார அம்மா ஒருநாள் என்னைப் பார்த்து, "அந்தப் பஞ்சை எனக்கும் பிடிக்காது" என்றார். பெயர் ரூத். யூதப் பெண். வேதாகமத்தில் மட்டுமே வாசித்த பெயரும் ஜனமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது எனக்கு ஆச்சரியம்.

தெரபி முடிந்ததும் ரூத் ஆஸ்பத்திரி கேன்டீனில் தன் சிநேகிதிகள் இரண்டு பேரோடு மாஜோங் ஆடுவார். எழுத்தும் பூவும் பறவையும் செதுக்கிய காய்களை வைத்து ஆடும் சீன ஆட்டம் அது. நாலாவது ஆள் ஊருக்குப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பயம். சூதாட்டமாக இருந்தால்?

ரூத் சிரித்துவிட்டு, "காசு மாஃபி, கிடையவே கிடையாது. வம்பு மட்டும் உண்டு" என்றார்.

"போங்கக்கா, விரலுக்கு நல்லது" என்று ஷீபாவும் தள்ளிவிட்டாள்.

சீனாக்காரர் ஆட்டம் உங்களுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். ரூத் சொன்னார்: அவருடைய அம்மா காலத்தில் நியூயார்க் யூதக் குடும்பங்கள் வெயில் காலத்துக்கு மலைப்பக்கம் வீடெடுத்துத் தங்குவார்களாம். ஆண்கள் நகரத்தில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில்தான் வருவார்கள். நடுவில் அந்தப் பெண்கள் மேசை போட்டு உட்கார்ந்து இதைத்தான் ஆடினார்களாம். அப்படியே மகள்களுக்கும் வந்துவிட்டதாம்.

"என் வீட்டுக்காரரும் வாரக் கடைசியில்தான் வருவார்" என்றேன்.

"அப்போ நீ பிறவியிலேயே மாஜோங்காரி" என்றார் ரூத்.

அவர்கள் வழக்கப்படி, ஆட்டம் தொடங்கும் முன் ஆளுக்கு மூன்று காய்களைக் கவிழ்த்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். தனக்கு வேண்டாததைத்தான் தள்ள வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை. கழிவை எப்படி அடுத்தவர் கையில் கொடுப்பது? இருப்பதில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். வலப்பக்கத்து அம்மா உடனே ஜெயித்தார். அடுத்த ஆட்டத்திலும் அவரே.

என் காய்களை எட்டிப் பார்த்த ரூத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் ஊட்டிவிட வந்தாயா? அதற்கு என் அம்மாவே போதுமே!"

டீ வாங்க வந்த ஷீபா, "யக்கா, இது கோயில் அசன விருந்தா? எல்லாருக்கும் வெளம்புறீய!" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். கை விழுந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

பிறகொரு நாள் எனக்கு ஜோக்கர் வந்தது. எந்தக் காய்க்கும் பதிலாக வைக்கலாம், அத்தனை மதிப்பு. பழக்கதோஷத்தில் அதையும் இடது கையால் தள்ளப் போனேன்.

"ஹலாஸ், போதும்! ஜோக்கரை யாருக்கும் தரக் கூடாது. அது சட்டம்" என்றார் ரூத். "வலது கையை அதன்மேல் வை. உன்னுடையது. பிடி."

வைத்தேன். என்னுடையது என்று நானாக எதையும் பிடித்து வைத்துக்கொண்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன். அப்போதுதான் விரல் நுனியில் ஏதோ உறுத்தியது. செதுக்கிய கோடு. குழி, மேடு, மறுபடி குழி. விரல்கள் மெதுவாக மடங்கிக் காயைப் பிடித்தன.

ரூத்தின் கண் கலங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஓய்வுநாளுக்கு விளக்கேற்றும்போது கடவுளிடம் உன் கைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்" என்றார்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. சோற்றைப் பிசைய வரும், உருட்ட வராது. சீப்பைப் பிடிப்பேன், பின்னல் நிற்காது. சோர்ந்து போன நாட்கள் நிறைய. உங்களுக்கும் வரும். மருந்தையும் பயிற்சியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். கூடவே சிரிக்க நாலு பேரைத் தேடிக்கொள்ளுங்கள்.

செக்கப்புக்கு வீட்டுக்காரரும் வந்தார். டாக்டர் சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னார். நான் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து, வலது கையாலேயே போட்டேன். நேரம் எடுத்தது. இவர் மூச்சுக்கூட விடவில்லை.

"முழுசாகப் பழையபடி வருமென்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டை நடத்த இந்தக் கை போதும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் இவரிடம், "அப்போ ஊருக்கு?" என்று கேட்டேன்.

"ஊருக்கு என்னத்துக்கு? ஆண்டு லீவுக்குச் சேந்து போவோம். யல்லா, கெளம்பு, புள்ள ஸ்கூல் விட்டு வந்துருவா" என்று முன்னால் நடந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

வலது கை இன்றும் என்னைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. முன்பெல்லாம் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சிலுவை அடையாளத்தை ஒரே மூச்சில் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுவேன். இப்போது நெற்றியில் கை வைத்தால், நெஞ்சுக்கு இறங்க அதற்கு நேரம் வேண்டும். பிதா என்று சொல்லிவிட்டு, சுதனுக்காகக் காத்திருக்கிறேன்.