கண்ணாடி அலமாரியில் என் மகளின் பல்

போன புதன்கிழமை என் மகளின் பல்வரிசையை ஒரு கண்ணாடி அலமாரிக்குள் பார்த்தேன். நேராக, நெருக்கமாக, ஒரு பிசிறு இல்லாமல்... அவ்வளவு அழகு! பக்கத்தில் நின்ற மகளோ கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

புரியவில்லையா? ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மாலதிக்குப் பத்தொன்பது வயது. முன்பற்கள் கொஞ்சம் எடுப்பு. அதனால் உலகத்தில் யாருக்கும் தொந்தரவில்லை – அவளைத் தவிர. டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து லைன் கொடுக்கிறார்களே, அந்த ஆபரேட்டர் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கிலேயே ஒரு பெண் அந்த வேலையில் இருக்கிறாள். அவள்தான் சொன்னாள்: "குரல் ஃபர்ஸ்ட் கிளாஸ்டி உனக்கு. ஆனா சிக்ஸ், செவன்னு சொல்றப்போ துளி காத்து வரது. பல்லைச் சரி பண்ணிண்டா உன்னை யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டா."

பல்லை நேராக்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் எட்டாவதோடு நின்றவன். பல் என்றால் வலிக்கும், வலித்தால் பிடுங்குவார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

போனோம். காலேஜும் ஆஸ்பத்திரியும் ஒன்றாக இருக்கிற இடம். அங்கே பல்லுக்குக் கம்பி கட்டுவது பெரிய டாக்டர் இல்லை. மேல்படிப்புப் படிக்கிற டாக்டர்கள். ஆளுக்கொரு நோயாளி. அந்த நோயாளிக்கு அங்கே பெயர் 'கேஸ்'. கேஸை நல்லபடியாக முடித்துப் பரீட்சையில் காட்டினால் டாக்டர் பாஸ். நமக்கு இலவசமாக நேரான பல். நியாயமான ஏற்பாடுதானே?

மாலதி, சுலபா என்கிற மராத்தி டாக்டர் பெண்ணின் கேஸ் ஆனாள். கெட்டிக்காரி. கை அவ்வளவு மிருது. என்னைக் 'காகா' என்பாள் – நம் பாஷையில் சித்தப்பா. முதல் நாள் மாலதியின் வாயில் களிம்பு மாதிரி எதையோ வைத்து அழுத்தி அச்செடுத்தாள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால், வெள்ளை வெளேரென்று அச்சு அசல் மாலதியின் எடுப்புப் பல்!

அப்புறம் சாவகாசமாக ஹிந்தியில் ஒரு குண்டைப் போட்டாள். "காகா, பல்லு பின்னாடி போக இடம் வேணும். மேலே ரெண்டு பல்லை எடுத்துடணும்."

"சொத்தையா?"

"இல்லே, நல்ல பல்லுதான்."

நல்ல பல்லையா? எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கமலம் – என் மனைவி – தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "ஏன்னா, பல்லு அவளுது. நீங்க எதுக்குப் பட்டினி கிடக்கறேள்?"

பிடுங்கிய இரண்டு பல்லையும் கேட்டு வாங்கி, காலியான தைல பாட்டிலில் போட்டு வைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். நாளைக்கே திருப்பி வைக்க வேண்டும் என்று சொன்னால் எங்கே போவது?

பிறகு கம்பி. இருபுறமும் கோரைப்பல்லை முதலில் பின்னால் இழுப்பார்களாம். அது போய்ச் சேர்ந்ததும் முன்பற்கள் நாலையும் சேர்த்து இழுப்பார்களாம். ரயிலில் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஷண்டிங் செய்கிற மாதிரி. கோரைப்பல் ஒழுங்காகப் பின்னால் போயிற்று. அது விட்டுப் போன இடம் முன்பல்லுக்குப் பக்கத்திலேயே, இரண்டு பக்கமும் ஜன்னல் மாதிரி திறந்து கிடந்தது. "இனி முன்பல்லை இழுக்க வேண்டியதுதான் பாக்கி காகா. அதோட ஜன்னல் சாத்திடும்" என்றாள் சுலபா.

பரீட்சை நெருங்க நெருங்க அவளுக்கு என்னைவிடப் பயம் அதிகமாகிவிட்டது. முறுக்கு கூடாது, கரும்பு கூடாது என்றாள். ஒரு நாள் மோசம்பிப் பழத்தோடு – நம்மூர் சாத்துக்குடி – மாட்டுங்காவுக்கே வந்துவிட்டாள். "பரீட்சை அன்னிக்கு டாக்ஸி அனுப்பறேன். மாலதிக்கு ஒரு தும்மல்கூட வரக் கூடாது!" மனிதர்களில் எவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியில் எழுதலாமென்றுகூட நினைத்தேன். நல்லவேளை, எழுதவில்லை.

அப்போதுதான் வந்தது அந்தக் காய்ச்சல். ஹாங்காங்கில் பிறந்ததாம். அங்கிருந்து பம்பாய்க்கு வழி கேட்டு வந்துவிட்டது. எங்கள் பில்டிங்கில் முதல் மாடி மொத்தமும் படுத்தது. ரயிலில் ஒருவர் இருமினால் பெட்டியில் இடம் கிடைத்தது – பம்பாயில்! நான் எல்லாருடைய கைக்குட்டையிலும் நீலகிரித் தைலத்தைக் கொட்டினேன். "காய்ச்சல்லே சாக மாட்டோம்பா, இந்த வாசனையிலே செத்துடுவோம்" என்றாள் மாலதி.

அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. வந்தது வேறு. கம்பியின் ஒரு நுனி கழன்று கன்னத்துக்குள் குத்த ஆரம்பித்தது. ஒரு பக்கமாகவே சாப்பிட்டாள். பிறகு கஞ்சிதான். பிறகு பேச்சும் குறைந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாசலில் தடியோடு வாட்ச்மேன்.

"புக்கார் ஹை க்யா?" காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறான்.

இல்லை, பல் என்றேன். கம்பி குத்துகிறது என்று மாலதியின் கன்னத்தைக் காட்டினேன்.

"தாந்த் பந்த். புக்கார் ஹோ தோ ஆவ்." பல் பக்கம் மூடியாகிவிட்டது, காய்ச்சல் இருந்தால் உள்ளே வா!

உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதே என்று வாழ்நாள் முழுக்க வேண்டிக்கொண்ட எனக்கு, அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் காய்ச்சல் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. பல் டாக்டர்களையெல்லாம் காய்ச்சல் வார்டு வேலைக்குப் போட்டிருக்கிறார்களாம். சரி, ஜனங்கள் கொத்துக் கொத்தாக விழும்போது பல்லா முக்கியம்? அதையும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் கன்னத்தில் குத்துகிற கம்பிக்கு ஊர் நியாயம் தெரியுமா?

கமலம் மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி உருட்டி, கம்பி நுனியில் ஒட்டினாள். சாப்பாட்டுக்கு எடுப்பது, பிறகு ஒட்டுவது. வாரக்கணக்கில் இதுவே எங்கள் வைத்தியம்.

இதற்கு நடுவில் இன்டர்வியூ வந்தது. கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி. காய்ச்சலில் அவர்கள் ஆபரேட்டர் படுத்துவிட்டதால் அவசரமாக ஆள் வேண்டுமாம். ரிசீவரைக் கையில் கொடுத்து நம்பர்களைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் துளிக் காற்றுதான் வரும். இப்போதோ இரண்டு ஜன்னல்! மாலதி 'சிக்ஸ்' என்றாள். மறுமுனையில் இருந்தவர் சிரித்துவிட்டாராம். "ஹலோ, யார் விசில் அடிக்கறது?" என்றாராம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். "அப்பா, அந்த பாட்டில்லே பல்லு இருக்கோல்லியோ? பத்திரமா வெச்சுக்கோங்கோ. கம்பெனிலே அதைத்தான் கேட்டா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கமலம் உள்ளே போய்விட்டாள். எனக்குப் போக இடமில்லை.

தீபாவளியெல்லாம் முடிந்து பல் பக்கம் திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். அதுதான் போன புதன்கிழமை.

சுலபா உட்காரும் நாற்காலியில் வேறொரு இளைஞர். சுலபா எங்கே?

"பாஸாகிப் போயிட்டாங்களே! பூனாவிலே இருக்காங்க."

பாஸா? கேஸ் இங்கே நிற்கிறதே ஐயா, கன்னத்தில் மெழுகோடு! அவர் விளக்கினார். பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வந்த பெரியவர்கள் காய்ச்சலுக்குப் பயந்தார்களாம். நோயாளி யாரையும் கூப்பிட வேண்டாம், வாயைத் திறந்தால் கிருமி, பிளாஸ்டர் மாடலை வைத்தே மார்க் போட்டுவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். கண்ணாடி அலமாரியைக் காட்டினார். அங்கே மாலதியின் பெயர் ஒட்டிய மூன்று மாடல்கள். ஒன்று, பழைய எடுப்புப் பல். இரண்டாவது, பாதி வழியில், ஜன்னலோடு. மூன்றாவதுதான் நான் முதலில் சொன்ன அழகுப் பல்.

"இது எப்போ?" என்றாள் மாலதி.

பிளாஸ்டர் பல்லை ஒவ்வொன்றாக அறுத்து, மெழுகில் நேராக நட்டு வைப்பார்களாம். வைத்தியம் முடிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்கு. "அருமையான வேலை. நல்ல மார்க்" என்றார் இளைஞர்.

அங்கேயும் மெழுகு, இங்கேயும் மெழுகு. எங்கள் மெழுகுக்குத்தான் மார்க் இல்லை.

"சரி, மீதியை நீங்க முடிச்சுடலாமே?" என்று கேட்டேன்.

அவர் நெளிந்தார். கெட்டவர் இல்லை. "காகா, பரீட்சையிலே காட்டின கேஸை இன்னொருத்தர் காட்ட முடியாது. எனக்குப் புதுக் கேஸ்தான் வேணும். கம்பியை வேணும்னா கழட்டிவிடறேன். வெளியிலே பிரைவேட்டிலே போய்ப் பாருங்க."

கம்பியைக் கழற்றினார். அதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜன்னல் அப்படியே இருந்தது. இனி அது தானாக ஒருநாளும் சாத்திக்கொள்ளாதாம்.

மாலதி அலமாரியைக் காட்டினாள். "அந்த மூணாவதையாவது எனக்குக் குடுப்பேளா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"அது காலேஜ் சொத்து."

பிடுங்கின பல் எங்கள் சொத்து. நேரான பல் காலேஜ் சொத்து. பாகப்பிரிவினை முடிந்தது.

வெளியே வந்தால் பெஞ்சில் தாராவியிலிருந்து வந்த ஒரு அம்மாள். பக்கத்தில் மகள், முந்தானையால் வாயை மறைத்தபடி. நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"யம்மா, நம்ம ஊர்க்காரியளா? எம் மவளுக்குப் பல்லு கட்டணும்னு வந்திருக்கோம். ரெண்டு பல்லைப் புடுங்கணும்னு சொல்லுதாவ. பயமா இருக்கு. இங்கன நல்லா பாப்பாவளா?"

நான் வாயைத் திறந்தேன். ஓடிப் போங்கள் அம்மா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. மாலதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஜன்னல் இரண்டும் தெரியப் பேசினாள்.

"ரொம்ப நன்னா பாப்பா மாமி. உசிரை விட்டுப் பாப்பா. ஒண்ணே ஒண்ணு... பல்லைப் பிடுங்கக் குடுக்கறதுக்கு முன்னாடி, டாக்டருக்குப் பரீட்சை எப்போன்னு மட்டும் கேட்டுக்கோங்கோ."

தைல பாட்டிலை இன்னும் தூக்கிப் போடவில்லை. எங்களிடம் நேராக இருப்பவை அந்த இரண்டு பல்தான்.